ஒரு கிரகமும் இரண்டு பெயர்ச்சிகளும்

சனி கிரகம் மகர ராசியை விட்டுக் கும்ப ராசிக்குள் புகுந்த நாள் 2023 ஜனவரி 17 என்று திருக்கணித பஞ்சாங்கம் கூறிற்று. அதே பிரவேசம் அதே ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி மாலையில்தான் என்று வாக்கிய பஞ்சாங்கம் கூறிற்று. காரைக்காலுக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவில் தர்ப்பாரண்யேசுவரர் எழுந்தருளியிருக்கும் திருநள்ளாற்றிலோ, வாக்கியத்தையே பிரமாணமாகக் கொள்ளும் மரபின்படி, அந்த டிசம்பர் மாலையில் லட்சக்கணக்கானோர் நளதீர்த்தத்தில் நீராடிப் பெயர்ச்சி விழாவைத் தரிசித்துத் திரும்பினார்கள். ஓராண்டுக்குச் சற்று மேல் கழிந்தபின் இந்த வேற்றுமை மறுபடியும் எழுந்தது. 2025 மார்ச் 29-இல் சனி மீனத்துக்கு மாறுகிறது என்ற பேச்சு ஊரெங்கும் பரவியபோது, அன்று இங்கே பெயர்ச்சி விழா கிடையாது, வாக்கிய கணிதப்படி அது 2026-இல்தான் என்று கோயில் நிர்வாகம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதை ஒரு நிர்வாகச் சங்கடமாகவே பலர் கருதினார்கள். எனக்கோ, மேல்நாட்டு விஞ்ஞானத்தையும் கீழ்நாட்டு ஞானத்தையும் இணைத்து மெய்ப்பொருளைத் தேடவேண்டும் என்று இக்காலத்தில் எங்கும் ஒலிக்கும் பேச்சுக்கெல்லாம் உரைகல்லாக, நம் காரைக்கால் மண்ணிலேயே எழுந்து நிற்கும் கேள்வியாக இது படுகிறது. வானத்தில் ஓடுவது ஒரே கிரகம். அது ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். பின், இரண்டு நாட்களில் எது மெய்?

விடையின் முதற்பாதி எளியது. 2023 டிசம்பர் 20 மாலை, சூரியன் மறைந்தபின், மேகமில்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தவர் எவரும் சனியைத் தென்மேற்கில் வெறுங்கண்ணாலேயே கண்டிருக்கலாம். கருவி கொண்டு அளந்திருந்தால், நம் அரசாங்கத்தின் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கையிட்ட எல்லையின்படி, அது கும்பத்தின் தொடக்கத்தைக் கடந்து ஏறத்தாழ எட்டுப் பாகை உள்ளே சென்றிருந்தது என்பதை அறிந்திருக்கலாம். எட்டுப் பாகை என்பது சிறு பிழையன்று. பதினாறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் அடைபடும் இடம். கிரகத்தின் ஸ்தானத்தைப் பொறுத்தவரை வாக்கிய கணிதம் கண்ணுக்கு விரோதமாகப் பேசுகிறது; இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் விடையின் மறுபாதி அத்தனை எளிதன்று. கும்பத்தின் தொடக்கம் என்று ஒரு கோடு வானத்தில் எங்கும் கிழிக்கப்படவில்லை. ராசி மண்டலத்தை முப்பது முப்பது பாகையாகப் பன்னிரண்டு கூறு செய்ததும், அதன் ஆரம்பம் எந்தப் புள்ளி என்று நிச்சயித்ததும், மனிதர் தம் வியவகாரத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஆரம்பப் புள்ளியை நிச்சயிக்கும் அயனாம்சத்தைச் சற்று மாற்றிக்கொண்டால் திருக்கணிதத்தின் ஜனவரியும் நகர்ந்துவிடும். ஆகவே 'சனி இங்கே இருக்கிறது' என்பது ஒருவகை மெய். 'சனி பெயர்ந்துவிட்டது' என்பது வேறொரு வகை மெய். முன்னது நாம் இல்லாவிட்டாலும் இருப்பது. பின்னது நம்மால் இருப்பது. இவ்விரண்டையும் கலந்துவிட்டால் எந்த விசாரமும் முதல் அடியிலேயே வழுக்கிவிடும்.

வாக்கிய பஞ்சாங்கத்தைப் பிழையென்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை; ஏனெனில் மானுட புத்தி செய்த அற்புதங்களில் அதுவும் ஒன்று. கிரகங்களின் கதியை எண்களாக எழுதிவைக்காமல், எழுத்துக்கு எண் வகுத்த கடபயாதி முறையால் பொருளுள்ள சொற்றொடர்களாக்கி மனப்பாடம் செய்துவந்தார்கள் நம் கணிதர்கள். சந்திரனுக்கு மட்டும் இருநூற்று நாற்பத்தெட்டு வாக்கியங்கள். அவற்றை வரருசியின் பெயரால் வழங்குவது மரபு. பூமியை நெருங்கியும் விலகியும் செல்லும் சந்திரகதி ஒன்பது முறை பூர்த்தியாவதற்கு ஏறத்தாழ 248 நாட்கள் ஆவதால், நாளொன்றுக்கு ஒரு வாக்கியமாக அந்தச் சுற்று அமைந்தது. வாக்கியங்களை ஓதியபடி, தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, காகிதமும் எழுதுகோலும் இன்றிக் கிரகணத்தைக் கணித்துச் சொல்லும் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் புதுச்சேரியில் நேரில் கண்டு, அவர் செய்த முறையை வரிசையாக எழுதிவைத்தவர், சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைமையை முன்பு சில ஆண்டுகள் வகித்த ஜான் வாரன். அவருடைய 'காலசங்கலித' என்னும் பெருநூல் 1825-இல் சென்னையில் வெளியாயிற்று. அதற்கு நூறாண்டுக்கும் மேல் கழிந்தபின், பழங்காலக் கணித வரலாற்றில் இணையற்றவரான ஆட்டோ நியூகபௌர் 1952-இல் அந்தக் குறிப்பை ஆராய்ந்து தமிழ் வானியலைப் பற்றி எழுதினார். அதே 248 நாள் சுற்று கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும், பின்னர் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளிலும் காணப்படுகிறது.

இந்த ஒரு செய்தியே, மேற்கு ஒருபுறமும் கிழக்கு மறுபுறமும் நின்று, ஒன்று விஞ்ஞானத்தையும் மற்றது ஆன்மிகத்தையும் கையில் ஏந்தி, நம் காலத்தில்தான் முதன்முறையாகச் சந்திக்கின்றன என்ற சித்திரத்தைக் கலைக்கப் போதுமானது. யூப்ரடீஸ் நதிக்கரையில் எண்ணப்பட்ட எண், காவிரிக் கழிமுகத்தில் மனப்பாடமாக ஓதப்பட்டது. சனி வளையத்தின் நடுவே உள்ள இருண்ட இடைவெளியை 1675-இல் பாரிஸிலிருந்து கண்ட காசினியே, அந்நூற்றாண்டின் இறுதியில், சயாம் தேசத்திலிருந்து பிரெஞ்சுத் தூதுவர் கொண்டுவந்த, இந்திய முறையிலமைந்த வானியல் விதிகளை ஆராய்ந்து விளக்கியவர். சுக்கிரன் சூரியபிம்பத்தைக் கடக்கும் காட்சியை அளப்பதற்காக 1760-இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ஜான்டி, போரினால் புதுச்சேரி கைமாறிவிட்டமையால் 1761-இல் ஆடும் கப்பலின் தளத்திலிருந்து பயனின்றிப் பார்த்து, அடுத்த கடப்புக்காக எட்டாண்டு இக்கடல்களிலேயே காத்திருந்து, 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரி வானத்தை மேகம் மூடிவிட, எடுத்த காரியம் நிறைவேறாமல் திரும்பினார். அந்தக் காத்திருப்பின் பயனாக அவருக்குக் கிடைத்தது தமிழர் கணிதம். 1765 ஆகஸ்ட் 30-இல் நிகழ்ந்த சந்திரகிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறையில் கணித்துப் பார்த்ததில் பிழை 41 விநாடி என்றும், ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையதில் பிழை 68 விநாடி என்றும் அவர் மறைக்காமல் எழுதினார். தம்மவரைக் காட்டிலும் பிறர் நெருங்கிவந்தார்கள் என்பதை ஒப்புக்கொண்ட அந்த நேர்மையைத்தான் நான் விஞ்ஞானம் என்று கருதுகிறேன்.

அந்த நேர்மை நம்மவரிடத்திலும் இருந்தது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் தோன்றியவர்; சித்தாந்த நூல்களைக் கற்றவர்; இரவுதோறும் தொலைநோக்கியின் முன் அமர்ந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டுபிடித்தார்; 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார்; 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரியனைக் கடக்கவிருந்ததை ஒட்டி, நம் ஜனங்கள் அதைக் கண்டு அஞ்சாமல் அறிந்துகொள்ள வேண்டும் என்று உரையாடல் நடையில் ஒரு சிறுநூல் இயற்றினார். கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு பஞ்சாங்கம் ஒத்திருக்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கொள்கை. அதற்காகவே திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். வைதிகர் பலர் அதை ஏற்கவில்லை. அவரோ, தாம் சாஸ்திரத்துக்கு விரோதமாக எதையும் செய்யவில்லை, கணிதம் கண்ட காட்சியோடு ஒத்துவரவேண்டும் என்பதே பூர்வாசாரியர்களின் கருத்து என்ற நம்பிக்கையிலிருந்து இறங்கவில்லை. 1880-இல் அவர் காலமானார். கீழ்நாட்டு சாஸ்திரத்துக்கும் மேல்நாட்டுக் கருவிக்கும் சமரசம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஓர் உதாரண புருஷரைக் கேட்டால், உபநிஷதம் படித்த ஐரோப்பிய பௌதிக மேதைகளைச் சுட்டுவதற்கு முன் இவரைச் சுட்டவே நான் விரும்புவேன்.

கண்ட காட்சியை ஏன் இவ்வளவு தூரம் மதிக்கவேண்டும் என்று கேட்கலாம். இந்த இடத்தில் திருநள்ளாற்றுக் கோயில் எந்தச் சமயத்தின் ஆலயமோ அந்தச் சைவ சித்தாந்தமே நமக்குத் துணைவருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞானபோதத்தை அருளிச்செய்தபோது, பிரபஞ்சம் பொய்த்தோற்றம் என்ற கொள்கையை ஏற்கவில்லை. உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதாகக் காணப்படுதலால் அது ஆக்கப்பட்ட பொருள், ஆக்கியவன் ஒருவன் உளன் என்று அனுமானத்தில்தான் அந்நூல் தொடங்குகிறது. காணப்படும் உலகம் உண்மையாக இல்லாவிட்டால் அந்த அனுமானத்துக்குக் காலூன்ற இடமே இராது. உலகை அசத்து என்று சித்தாந்தம் சொல்வதற்கு, அது இல்லாதது என்று பொருளன்று. ஒருபடித்தாய் நில்லாமல் மாறுவது என்றே பொருள். மாறுவதும் உள்ளதே. மெய்கண்டாரின் மாணாக்கரான அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரை அளவை விளக்கத்தோடு தொடங்கியது இதனாலேயே. எதை அறிந்தோம் என்று சொல்லுமுன், எதைக்கொண்டு அறிந்தோம் என்று சொல்லிவிட வேண்டும் என்பது அந்த ஆசிரியரின் கண்டிப்பு.

அவருடைய காட்சியளவைப் பகுதி இன்றைய வாசகனுக்கும் புதிதாகவே இருக்கும். ஐயமும் திரிபும் நீங்கியதே காட்சி என்பது முதல் நிபந்தனை. பிறகு காட்சியை அவர் நான்காகப் பகுக்கிறார்: பொறிகளின் வாயிலாக வரும் வாயிற்காட்சி, மனத்தால் வரும் மானதக்காட்சி, இன்பதுன்பங்களை உயிர் தன்னுள் உணரும் தன்வேதனைக்காட்சி, யோகத்தால் எய்தும் யோகக்காட்சி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பொருள் உண்டு.

ஐயமும் திரிபும் என்ற அந்த நிபந்தனையின் அருமை விளங்கவேண்டுமானால் இதே சனியை எடுத்துக்கொள்ளலாம். 1610-இல் கலிலியோ தம் சிறிய தொலைநோக்கியால் சனியைப் பார்த்தபோது, அதன் இருமருங்கிலும் ஒட்டினாற்போல இரண்டு துணைக்கோள்கள் இருப்பதாகக் கருதினார். 1612-இல் மறுபடி பார்க்கையில் அவை இல்லை. கண் பொய்யுரைத்ததா, கருவி பொய்யுரைத்ததா என்று அந்த மகாபுருஷர் திகைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் விளங்காத அந்தப் புதிரை, கிரகத்தைச் சூழ்ந்து, அதை எங்கும் தொடாமல், மிக மெல்லிய ஒரு வளையம் உண்டென்றும், அது நமக்கு விளிம்பைக் காட்டும்போது கண்ணுக்கு மறைந்துவிடுகிறதென்றும், 1659-இல் வெளியிட்ட நூலில் ஹைகன்ஸ் அவிழ்த்தார். கலிலியோ கண்டது வாயிற்காட்சி. அதில் திரிபு இருந்தது. அந்தத் திரிபை நீக்கியது அனுமானம். வளையம் மறைந்த காலத்திலும் வளையம் இருந்தது. 2025 மார்ச் 23-இல், மேலே சொன்ன பெயர்ச்சிப் பேச்சு ஊரில் எழுந்த அதே வாரத்தில், பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடந்து சென்று, கலிலியோ கண்ட அந்த மறைவு திரும்பவும் நிகழ்ந்தது. சனி அப்போது சூரியனுக்கு அருகில் இருந்தமையால் அதைப் பார்க்கக்கூடியவர் எவரும் இல்லை. பார்ப்பார் இன்றியும் அது நிகழ்ந்தது.

பார்ப்பார் இன்றியும் நிகழுமா என்பதுதான் 1930 ஜூலை 14 அன்று, பெர்லினுக்கு அருகே கபுத் கிராமத்தில், ஐன்ஸ்டைனுடைய வீட்டில் அவரும் ரவீந்திரநாத தாகூரும் நிகழ்த்திய சம்பாஷணையின் உயிர்நாடி. மனிதன் அறிந்தாலும் அறியாவிட்டாலும் சத்தியம் தன்னளவில் நிற்பது என்று நிரூபிக்கத் தம்மால் இயலாது, ஆயினும் அதையே தாம் நம்புவதாக ஐன்ஸ்டைன் நின்றார். மானுட சித்தத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சத்தியம் நமக்குச் சத்தியமே ஆகாது என்று தாகூர் நின்றார். இந்த நிகழ்ச்சியைச் சொல்லும் பலர், மேற்கின் ஜடவாதத்துக்குக் கிழக்கின் ஞானம் கொடுத்த மறுமொழி என்பதாக அதைச் சித்திரிப்பார்கள். அருணந்தியார் அந்த அறையில் அமர்ந்திருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. உலகம் அறிவின் தோற்றமே என்று வாதித்தவர்களைச் சித்தியாரின் பரபக்கப் பகுதியில் கடுமையாக மறுத்த அவர், இந்த விஷயத்தில் ஐன்ஸ்டைன் பக்கமே சாய்ந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிழக்கு என்பது ஒரே குரலில் பேசும் ஓர் ஆசிரியர் அன்று. அப்படிக் கருதுகிறவர்கள் நம் தத்துவ சாஸ்திரங்களுக்குள் நடந்த ஆயிரமாண்டு வாதங்களை அறியாதவர்கள்.

வாதங்களை மறந்துவிட்டுச் சமரசம் செய்யப் புறப்பட்டால் என்ன விபரீதம் விளையும் என்பதற்கும் திருநள்ளாறே சாட்சி. இந்தக் கோயிலுக்கு நேர்மேலே வரும்போது அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நின்றுவிடுகின்றன, சனியிலிருந்து நீலக்கதிர்கள் இங்கே இறங்குகின்றன, விஞ்ஞானிகளே வந்து பார்த்து வியந்து வணங்கிச் சென்றார்கள் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி உலவிவருகிறது. படித்தவர்களும் அதைப் பக்தியோடு எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பொய். பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகமே அதைக் கீழே விழாமல் காக்கிறது. மூன்று விநாடி நின்றதென்றால் அந்த வேகத்தை முழுவதும் இழந்ததென்று அர்த்தம். இழந்ததைத் திரும்பப் பெற வழியில்லாமல் அது விழுந்தே தீரும். இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம். சனியின் ஆகர்ஷணத்தையும் கணக்கிடலாம். பூமியைப்போல் தொண்ணூற்றைந்து மடங்கு நிறை அதற்கு உண்டு. ஆயினும் சுமார் நூற்றிருபது கோடி கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் அது நிற்பதால், நம்மை அது இழுக்கும் விசை பூமி இழுப்பதில் ஏறத்தாழ நாற்பது கோடியில் ஒரு பங்கே ஆகும்.

இந்தப் பொய்யை மறுப்பதில் என் நோக்கம் விஞ்ஞானத்தைக் காப்பது மட்டும் அன்று. இதைப் பரப்புகிறவர்கள், தர்ப்பாரண்யேசுவரருடைய சந்நிதியின் மகிமைக்கு அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் சாட்சிப் பத்திரம் தேவை என்று தங்களை அறியாமலே ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள அணுத்துகள் ஆராய்ச்சிக் கூடத்தில் 2004-இல் நம் அரசாங்கம் அளித்த நடராஜர் திருவுருவம் நிற்பதைக் கேள்விப்பட்டு, சிற்றம்பலத்து ஆட்டத்தைப் பௌதிகம் மெய்ப்பித்துவிட்டது என்று பேசுவதும் இதே குற்றத்தின் நாகரிகமான வடிவம். அந்தக் கூத்தை ஓர் அழகிய உருவகமாக விஞ்ஞானி கொள்வாரானால் அவருக்கு நம் வந்தனம். ஆனால் உருவகம் பிரமாணம் ஆகாது. மாயை என்பதும் சக்தி என்பதும் பௌதிக நூலில் வரும் ஆற்றலே என்று சமன் செய்துவிட்டால், நாளை அந்த நூலில் கொள்கை மாறும்போது நம் தத்துவமும் அதோடு மாறவேண்டி வருமே!

அப்படியானால், ஏழரைச் சனி என்று அஞ்சித் திருநள்ளாற்றுக்கு வந்து, நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு நளதீர்த்தத்தில் மூழ்கி எழும் அந்த மனிதனிடத்தில் மெய் எது? அவனுக்கு வேலை போயிருக்கலாம், பெண்ணுக்கு வரன் அமையாதிருக்கலாம், வீட்டில் ஒருவர் நோய்ப்பட்டிருக்கலாம். அந்தத் துன்பம் அவனுக்குத் தன்வேதனைக்காட்சி; அதில் ஐயமும் இல்லை, திரிபும் இல்லை. எந்தத் தொலைநோக்கியும் அதைக் காட்டவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வானத்திலுள்ள கோளம் வாயிற்காட்சிக்கு மெய். நெஞ்சிலுள்ள துக்கம் தன்வேதனைக்கு மெய். இவை இரண்டுக்கும் இடையே கதிர் என்றும் விசை என்றும் ஒரு கயிறு கட்டுவதுதான் திரிபு. சித்தாந்தமும் அந்தக் கயிற்றைக் கட்டவில்லை. வினை ஜடம், கிரகமும் ஜடம், ஜடம் தானே தெரிந்து ஒருவரிடம் வந்து பயனைக் கொடுக்காது, கொடுப்பவன் இறைவனே என்பது அதன் துணிபு. திருஞானசம்பந்தர் கோளறு பதிகம் பாடியதும் இந்த உறுதியிலேதான். தலபுராணமும் அதற்கு இணங்கவே நடக்கிறது: நளனைப் பற்றிய சனி, கோயிலுக்குள் புக அஞ்சி அவனை விட்டுவிட்டது என்பதுதானே கதை? இங்கே மூலவர் சனி அல்லர். ஜனங்கள் அதை மறந்து, வாயிலருகே மாடத்தில் நிற்பவரைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இருபத்தொன்பதரை ஆண்டில் ஒருமுறை சூரியனைச் சுற்றிவரும் கிரகம், ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டாக மூன்று ராசியைக் கடக்க ஏழரை ஆண்டு ஆகிறது என்ற கணக்கு, துன்பத்துக்கு ஒரு முடிவுத் தேதியைக் கொடுக்கிறது. முடிவு உண்டு என்று அறிந்த துன்பத்தை மனிதன் தாங்குவான். வாக்கியத்தின் தேதியாயினும் திருக்கணிதத்தின் தேதியாயினும், ஊர் கூடி வணங்கும் நாள் என்ற அளவில் அந்தத் தேதிக்கு ஒரு மெய்ம்மை உண்டு. அது சமுதாயத்தின் சங்கற்பத்தால் வரும் மெய்ம்மை. வாக்கியப்படி விழா எடுப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. அந்த நாளில் வானத்துக் கிரகமும் எல்லை தாண்டுகிறது என்று கூறுவதில்தான் ஆட்சேபம்.

காட்சியால் மட்டும் ஒருவன் மெய்யை அடைந்துவிடுவானா என்ற கேள்விக்கு, காரைக்காலின் பெயரைத் தம் பெயராகக் கொண்ட அம்மையாரின் வரலாறே விடை வைத்திருக்கிறது. வணிகன் பரமதத்தன் தன் மனைவி புனிதவதியாரிடம் இரண்டு மாங்கனிகளை அனுப்பினான். ஒன்று பசித்து வந்த அடியாருக்குப் போயிற்று. மற்றொன்றைத் தின்ற கணவன் இன்னொன்றைக் கேட்க, அம்மையார் இறைவனை நினைக்க, கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாயிருக்கக் கண்டு அவன் வினவினான். அவர் நடந்ததைச் சொன்னார். அதன்பின் பரமதத்தன் செய்ததைச் சேக்கிழார் சொல்லும் விதம் என்னை எப்போதும் ஈர்த்திருக்கிறது. அவன் வையவும் இல்லை, வணங்கவும் இல்லை. அது உண்மையானால் இன்னொன்று வருவித்துக் காட்டு என்றான். ஒருமுறை நிகழ்ந்ததை மறுமுறையும் நிகழ்த்திக் காட்டச் சொல்வதுதானே சோதனை? நிறுத்துப் பார்த்தும் எண்ணிப் பார்த்தும் வாங்கும் வணிகனுக்கு அது இயல்பான கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. கனி மறுபடி வந்தது. அவன் கையில் வாங்கியதும் அது மறைந்தது.

சோதனை வெற்றி பெற்றது, ஐயம் நீங்கிற்று, பரமதத்தன் நம்பினான். நம்பியவன் என்ன செய்தான்? அஞ்சினான். மனைவியை மனைவியாகக் கருத இயலாமல், கப்பலேறி வாணிபத்துக்குப் போய், திரும்பி வந்தபின் பாண்டிநாட்டில் ஒரு பட்டினத்தில் தங்கி, வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று பெயரிட்டான். பின்னர் உறவினர் அம்மையாரை அங்கே அழைத்துவந்தபோது, மனைவியோடும் மகளோடும் அவர் காலில் விழுந்தான். அவன் கண்ட காட்சியில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் காட்சி அவனை ஓர் அங்குலமும் நெருங்கச் செய்யவில்லை. அம்மையாரோ எந்தச் சோதனையும் செய்யவில்லை; கனி வந்ததைக் கண்டு வியந்ததாகவும் தெரியவில்லை. கணவன் விழுந்ததும், இவனுக்காகத் தாங்கிய உடல் இனி வேண்டாம் என்று அதை உதறி, பேயுருப் பெற்று, அற்புதத் திருவந்தாதி பாடி, கயிலைக்குத் தலையால் நடந்தார். ஆலங்காட்டில் ஆடுவானின் அடிக்கீழ் இருந்தார். ஜெனீவாவில் நிற்கும் அதே ஆடல் வடிவத்தை முதன்முதலில் தமிழில் நெஞ்சாரக் கண்டவர்களுள் அவர் ஒருவர்.

எந்தப் பொருளைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தன் தன்மையாக்கிக்கொள்வது உயிரின் இயல்பு என்று சித்தாந்தம் சொல்கிறது. விஞ்ஞானம் பொருளை அறிகிறது. அறிகிறவன் அறியப்பட்ட பொருளாக மாறவேண்டும் என்று அது கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, ஏனெனில் விலகி நிற்பதே அதற்கு ஒழுக்கம். ஞானமோ அறிகிறவனையே மாற்றுவது. இவ்விரண்டையும் ஒரு பாத்திரத்தில் இட்டுக் கலக்கினால் இரண்டும் கெடும். ஒரே மனிதன் இரண்டிலும் நேர்மையாக இருக்கலாம். தொலைநோக்கியின் முன் பரமதத்தனாகவும், சந்நிதியின் முன் புனிதவதியாகவும் அவன் நிற்கலாம். ரகுநாதாசாரியார் அப்படி நின்றார் என்றே நான் எண்ணுகிறேன்.

திருநள்ளாற்றில் இதற்கு ஒரு காரியம் செய்யலாம் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை. சூரியனுக்கு நேரெதிரே நின்று சனி இரவெல்லாம் தெரியும் காலம் இந்த ஆண்டுகளில் புரட்டாசியை ஒட்டி வருகிறது: 2025-இல் செப்டம்பர் 21, 2026-இல் அக்டோபர் 4. புரட்டாசிச் சனிக்கிழமை மாலைகளில் நளதீர்த்தத்தின் கரையில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தி, நீராடி வருகிறவர்கள், கோயிலுக்குள் செல்லும் முன்போ வெளியே வந்த பின்போ, அந்தக் கிரகத்தையும் அதன் வளையத்தையும் தங்கள் கண்ணாலேயே காணும்படி செய்யவேண்டும். இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கும் சிறு கருவியே இதற்குப் போதும். விளிம்பாகிக் கிடந்த வளையம் ஆண்டுக்காண்டு விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்தில் தெரியும். திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, காரைக்காலில் அரசுக் கல்லூரி இருக்கிறது. மாணாக்கர் முறைவைத்து வந்து கருவியருகே நிற்கலாம். கோயில் குருக்களும் அவர்களோடு நிற்கவேண்டும் என்று விரும்புகிறேன். ஏனெனில் வளையத்தைப் பார்த்துவிட்டு நிமிரும் மனிதன் முதலில் கேட்கப்போவது இரண்டு தேதிகளைப் பற்றித்தான். கிரகம் இன்று எந்தப் பாகையில் நிற்கிறது என்பதை மாணாக்கரும், அவன் மூழ்கி எழுந்த தீர்த்தத்தில் நளன் யாருடைய அருளால் விடுபட்டான் என்பதைக் குருக்களும் அவனுக்குச் சொல்லவேண்டும்.